யாரும் கூப்பிடாத அழைப்பு

ஐஸ்காரர் கூடத்துத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பழைய டெலிபோனின் ரிசீவரில் பேசுகிற பக்கத்து மூடியைத் திருகிக் கழற்றிக்கொண்டிருந்தபோது மாடியிலிருந்து அவர் மனைவி இறங்கி வந்தாள். நாலு நாளாகத் தூங்காத கண்கள். கையில் காலி டம்ளர்.

“அம்மா மேல மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டுக் கிடக்காங்க. நீங்க இங்க டெலிபோனைப் பிரிச்சுப் போட்டு உக்காந்திருக்கீங்க.”

“இதுல ஒரு சின்ன வேலை இருக்கு.”

“இப்பவா?”

“இப்பவே செஞ்சாத்தான் உண்டு.”

அவள் அவரையும், விரித்த செய்தித்தாளில் கிடந்த திருகாணிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சமையலறைக்குப் போனாள். சண்டை போடவும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

ஐஸ்காரர் ஐஸ் விற்றவர் அல்ல. ஐஸ் பேக்டரியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து மேனேஜராக வெளியே வந்தவர். பேக்டரியை இடித்துப் பத்து வருஷம் ஆகிவிட்டது. அந்தப் பெயர் மட்டும் இன்னும் கரையவில்லை. மேலே கட்டிலில் கிடப்பவர் அவருடைய மாமியார். வயது எண்பத்து நாலு. காலையில் வந்த டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “சாயங்காலம் தாண்டுறது கஷ்டம்” என்றார். பையை மூடும்போது, “கண்ணு திறக்கலைன்னாலும் காது கேக்கும். கடைசி வரைக்கும் காதுதான் கூட வரும். சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தா சொல்லிடுங்க” என்றும் சொன்னார். டாக்டர் அதைப் பொதுவாகத்தான் சொன்னார். ஐஸ்காரருக்கு மட்டும் தன் சட்டையைப் பிடித்து இழுத்துச் சொன்னதுபோல் இருந்தது.

அவருக்குச் சொல்ல ஒன்று இருந்தது. நன்றி என்கிற ஒரே ஒரு வார்த்தை. முப்பத்தைந்து வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தார்.

காலையிலிருந்து மூன்று தடவை மாடி ஏறிப் பார்த்துவிட்டார். முதல் தடவை போனபோது மனைவி ஈரத்துணியால் அம்மாவின் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஐஸ்காரர் கட்டில் காலருகே நின்று, “பேன் காத்து அதிகமா இருக்கோ?” என்று கேட்டுவிட்டு இறங்கி வந்தார். இரண்டாம் தடவை, “நீ போய்க் குளிச்சிட்டு வா, நான் பாத்துக்கறேன்” என்றார். “குளிச்சாச்சு” என்றாள் அவள். மூன்றாம் தடவை அவள் நாற்காலியிலேயே கண்ணயர்ந்திருந்தாள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று ஐஸ்காரர் குனிந்து, “அத்தை” என்றார். அதற்கு மேல் வரவில்லை. அந்த முகத்தை அவ்வளவு பக்கத்தில் அவர் பார்த்ததே இல்லை. இறங்கி வந்துவிட்டார்.

அதில் அவருடைய தப்பு பாதிதான். அத்தை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தாறு வருஷம் போர்டில் உட்கார்ந்தவர். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யாராவது கூப்பிட்டால் முன்னால் விழுகிற சின்னத் தகட்டைப் பார்த்து, ‘எண் என்ன?’ என்று கேட்டு, கயிற்று நுனியில் இருக்கும் பிளக்கை அந்தந்த ஓட்டையில் செருகி, ‘பேசுங்க’ என்று சொல்லுகிற வேலை. ஊரில் இருந்த அத்தனை பேரிடமும் பேசினார். ஒருவர் முகத்தையும் பார்த்ததில்லை. அந்தப் பழக்கமோ பிறவிக் கூச்சமோ, எதிரே ஒரு முகம் வந்து நின்றால் அவருக்குப் பேச்சு நின்றுவிடும். கல்யாணமான முதல் பதினைந்து வருஷத்தில் மாமியார் ஐஸ்காரரிடம் பேசியவை இரண்டே வாக்கியங்கள். ஒன்று ‘வாங்க மாப்பிள்ளை.’ இன்னொன்று ‘சாப்பிடுங்க மாப்பிள்ளை.’

மாமனார் போன பிறகு அத்தை இந்த வீட்டு மாடிக்கு வந்து சேர்ந்தார். ஒரே கூரைக்கடியில் இரண்டு ஊமைகள் வளைய வருவதைப் பார்க்கச் சகிக்காமல் ஏணிதான் ஒரு வழி செய்தார். ஏணி என்றால் எக்ஸ்சேஞ்சில் லைன்மேனாக இருந்தவர்; ஆளும் ஏணி போல இருப்பார், தோளிலும் ஏணி இருக்கும், வேறு பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. எக்ஸ்சேஞ்சில் கழித்துப்போட்ட சாமான்களிலிருந்து அவர் இரண்டு டெலிபோன்களைக் கொண்டுவந்தார். கறுப்பு, கனம், டயல் கிடையாது, பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. மாடியில் ஒன்று, கூடத்தில் ஒன்று, நடுவில் இரண்டு கம்பி. இங்கே கைப்பிடியைச் சுற்றினால் அங்கே மணி அடிக்கும். ‘எக்ஸ்சேஞ்சே வேண்டாம். அக்காவுக்கு இனி ஓய்வு’ என்றார் ஏணி.

அன்று மதியமே மணி அடித்தது. ஐஸ்காரர் எடுத்தார். “மாப்பிள்ளை, கீழ குழாய் சொட்டுது. ராத்திரியெல்லாம் எனக்கு இங்க கேக்குது. வாஷர் மாத்துங்க” என்றது ஒரு குரல். தெளிவான, அவசரப்படாத குரல். ஐஸ்காரர் மாடிப்படியை அண்ணாந்து பார்த்தார். அதன் பிறகு இருபது வருஷம் அந்தக் கம்பி ஓய்ந்ததில்லை.

போனில் அத்தை வேறு ஆள். கேலி செய்வார், பக்கத்து வீட்டுத் தையற்காரியைப்போலப் பேசிக் காட்டுவார், மகளின் சமையலுக்கு மார்க் போடுவார். டெலிபோன் வந்த கதையை அவர் சொன்னால் நாள் பூராவும் கேட்கலாம். முதன்முதலில் டெலிபோனை ஜோடியாகத்தான் கொடுத்தார்களாம். வீட்டில் ஒன்று, கடையில் ஒன்று. அந்த இரண்டும் ஒன்றோடொன்று மட்டும் பேசும். “நம்ம போன் மாதிரியேதான், பாருங்க. நாம திரும்ப ஆரம்பத்துக்கே வந்துட்டோம்” என்பார். அந்தக் காலத்து டெலிபோனில் பேசவும் கேட்கவும் ஒரே ஓட்டைதானாம். வாயை வைத்துப் பேசிவிட்டுச் சட்டென்று காதை வைக்க வேண்டும். “ரெண்டு பேரும் ஒரே நேரத்துல காதை வெச்சா அமைதி. ஒரே நேரத்துல வாயை வெச்சா குடும்பம்.” மணிகூடக் கிடையாதாம். அந்தப் பக்கம் ஆள் வரும்வரை இங்கே கத்த வேண்டும், இல்லை பென்சிலால் தட்ட வேண்டும். பிறகு சுவரில் மாட்டும் பெட்டி வந்தது. காதுக்குத் தனி, வாய்க்குத் தனி. அதன் பிறகுதான் ஒரு புண்ணியவான் இரண்டையும் ஒரே பிடியில் சேர்த்தான். காதுக்கும் வாய்க்கும் நடுவே எத்தனை அங்குலம் என்று ஆயிரக்கணக்கான முகங்களை அளந்து செய்தார்களாம். “என் முகத்தைப் பாத்து அளந்து செஞ்ச சாமான் உலகத்துல இது ஒண்ணுதான் மாப்பிள்ளை. ஜாக்கெட்கூட அளவு சரியா வரல” என்பார்.

டயல் வந்ததில் மட்டும் அவருக்கு ஆறாத வருத்தம். ஆள் இல்லாமல் தானே இணைக்கிற எந்திரத்தைக் கண்டுபிடித்தவன் பிணங்களை அடக்கம் செய்கிற தொழில் நடத்தியவனாம். ஊரில் சாவு விழுந்தால் அவனுக்கு வர வேண்டிய அழைப்பை, போர்டில் இருந்த பெண் போட்டிக்காரனுக்குத் திருப்பிவிட்டாள் என்று ஒரு சந்தேகம். அந்தக் கோபத்தில் உட்கார்ந்து, பெண்களே வேண்டாத எக்ஸ்சேஞ்சைச் செய்து முடித்தான் என்பது கதை. “எவளோ ஒருத்தி பிளக்கை மாத்திப் போட்டதுக்கு உலகத்துல அத்தனை பேர் வேலையும் போச்சு. என் சீட்டைப் பிடுங்கினவன் அந்தத் தொழில்காரன். கடைசில நான் போய்ச் சேரப்போறதும் அவங்க கையிலதான். என்ன நியாயம் சொல்லுங்க” என்று அத்தை சிரிப்பார். ஐஸ்காரரும் சிரிப்பார். ஆனால் பிளக்கை மாற்றிப் போட்ட பெண் என்று கேட்டதும் அவருக்கு உள்ளே ஒன்று உறுத்தும். இதுதான் சமயம், இப்போது சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பார். அதற்குள் மனைவி காய்கறிப் பையோடு உள்ளே வந்துவிடுவாள்.

மனைவி காதில் விழக்கூடாது. அதுதான் சிக்கலே.

அப்போது ஐஸ்காரருக்கு இருபத்தைந்து வயது. அவள் ஒரு மருந்துக்கடையில் இருந்தாள். ஊசிமருந்து கெடாமல் வைக்க அந்தக் கடைக்குத் தினமும் ஐஸ் வேண்டும். ஐஸ்காரர் மதியம் மூன்று மணிக்கு எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டு அந்தக் கடையின் எண்ணான நாற்பத்து மூன்றைக் கேட்பார். பேக்டரி போன் சுவரில் மாட்டியிருந்தது. முதலாளி நெட்டையானவர், தன் வாய் உயரத்துக்கு மாட்டிவிட்டார். ஐஸ்காரர் மரத்தூள் பெட்டியின் மேல் ஏறி நின்றுதான் பேச வேண்டும். முதல் மாதம் ஐஸைப் பற்றிப் பேசினார்கள். இரண்டாம் மாதம் ஐஸைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றிப் பேசினார்கள். அதன் பிறகு ஒரு நாள் அவள் குரலைத் தாழ்த்தி, “இனி கூப்பிடாதீங்க. எங்கம்மாவுக்கு ஷிப்ட் மாறிடுச்சு. நாளையிலேருந்து மதியம் அவங்கதான் போர்டுல” என்றாள்.

ஐஸ்காரர் கூப்பிடவில்லை. ஒன்பது நாள் அந்தப் பெட்டியின் மேல் ஏறவே இல்லை. ஐஸ் வேண்டுமா என்று கேட்கக்கூட ஆள் அனுப்பினார். பொண்ணு வீட்டுக்குப் பயந்தவன் என்று யாராவது சொன்னால், ஆமாம் என்று ஒப்புக்கொண்டிருப்பார். அப்படி ஒரு நடுக்கம். பத்தாவது நாள் மூன்று மணிக்கு பேக்டரி போன் மணி அடித்தது. எடுத்தார். “நாப்பத்திமூணு. பேசுங்க” என்றது ஒரு பெண்குரல். அடுத்து அவள் மூச்சுச் சத்தம் கேட்டது. கடைசியில் ஐஸ்காரர், “ஐஸ் வேணுமா?” என்றார். அவள் சிரிக்க ஆரம்பித்து, அது அழுகையாக முடிந்தது.

கல்யாணமாகி இரண்டாம் மாதம் ஒரு நாள் சோறு பரிமாறும்போது அவள் சொன்னாள்: “அம்மாதான் போர்டுல இருக்காங்கன்னு தெரிஞ்சும் பத்தாவது நாள் கூப்பிட்டீங்க பாருங்க. அந்தத் துணிச்சலுக்காகத்தான் உங்களைக் கட்டிக்கிட்டேன்.” ஐஸ்காரர் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். அவள்தான் கூப்பிட்டாள் என்று அவர் அதுவரை நினைத்திருந்தார். அவளும் கூப்பிடவில்லை என்றால் நடுவில் இருந்தவர் ஒருவர்தான். கேட்காத அழைப்பைப் போர்டிலிருந்து போடக்கூடாது என்பது எக்ஸ்சேஞ்சின் முதல் விதி. மேற்பார்வையாளர் பார்த்திருந்தால் அன்றைக்கே வேலை போயிருக்கும். அந்த விதியை மீறி, ஒரு கை இங்கே மணி அடித்து, அங்கேயும் மணி அடித்து, இரண்டு பயந்தாங்கொள்ளிகளை ஒரு கயிற்றில் கோத்துவிட்டது. ‘நான் கூப்பிடல’ என்று அன்றே சொல்லியிருக்கலாம். பரிமாறுகிற பெண்டாட்டி அவ்வளவு பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். “பின்ன? நான் யாருன்னு நெனச்சே?” என்று சொல்லிவிட்டு மோர் கேட்டார்.

அவ்வளவுதான், அந்தத் துணிச்சல் குடும்பச் சொத்தாகிவிட்டது. கல்யாண வீடுகளில் சொல்லப்பட்டது. பிள்ளைக்குப் பெண் கேட்கப் போனபோது சம்பந்தி வீட்டில் சொல்லப்பட்டது. சொல்லும்போதெல்லாம் அத்தை அங்கேயே எங்காவது உட்கார்ந்து வெற்றுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவையாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. தனக்கு வாழ்க்கையைக் கொடுத்ததற்கு ஒன்று, தன் பொய்யைக் காப்பாற்றியதற்கு ஒன்று என்று இரண்டு நன்றிகள் ஐஸ்காரர் நெஞ்சில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. சொன்னால் துணிச்சல் போய்விடும் என்பதால் நன்றியைச் சொல்லவில்லை. பயந்தாங்கொள்ளி என்றால் எல்லா விஷயத்திலும் அப்படித்தான் இருப்பான் போலும்.

பன்னிரண்டு மணிக்கு ஏணி வந்தார். இப்போது எழுபத்தெட்டு வயது. படி ஏறுவதற்குக் கைத்தடி வேண்டும். மேலே போய் அக்காவைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தார். தரையில் கிடந்ததைப் பார்த்ததும் பழைய தொழில் முகத்தில் வந்து உட்கார்ந்தது.

“என்னய்யா இது, மூணு மாசமா யாரும் பேசலையா?”

“அவங்க படுத்ததுலேருந்து தொடல.”

“பேசாம போட்டா வாய்ப்பக்கத்துல இருக்கிற கரித்துகள் ஈரம் ஏறி கட்டியாயிடும். செல்லு ரெண்டும் பொங்கியிருக்கு பாரு.” ஏணி வாய்ப்பக்கத்துக் குப்பியை எடுத்துக் காதருகே வைத்து உலுக்கினார். உள்ளங்கையில் நாலு தட்டு தட்டினார். மறுபடி உலுக்கினார். உள்ளே துகள்கள் மணல்போலச் சரசரத்தன. “இதுக்கு இப்ப என்ன அவசரம்? செல்போன் இருக்கே.”

“அவங்களுக்கு அது ஆகாது. எது காது எது வாய்னே தெரியாத கண்ணாடித்துண்டு அப்படின்னுவாங்க.”

ஏணி நிமிர்ந்து பார்த்தார். யாரிடம் பேசப்போகிறார் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. தெருமுனைக் கடைக்குக் கைத்தடியோடு போய், டார்ச் லைட்டுக்குப் போடுகிற தடி செல்கள் நாலு வாங்கி வந்தார். கீழே இரண்டு போட்டார், மேலே போய் இரண்டு போட்டார். அங்கிருந்த ரிசீவரையும் தட்டிச் சரிசெய்துவிட்டு வந்து, “லைன் சுத்தம்” என்றார். பிறகு காற்று வாங்கப்போவதாகச் சொல்லி வாசலுக்குப் போய்விட்டார்.

ஐஸ்காரர் மாடிக்குப் போனார். அத்தையின் மூச்சுக்கு நடுவே இடைவெளி நீண்டிருந்தது. மனைவி அந்த இடைவெளிகளை எண்ணிக்கொண்டிருப்பவள்போல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

“நான் கீழேருந்து மணி அடிப்பேன். ரிசீவரை எடுத்து அம்மா காதுல வை.”

“என்ன சொல்லணுமோ இங்கயே சொல்லுங்களேன். நான் வெளிய போறேன்.”

“எங்களுக்கு இப்படித்தான் வரும்.”

அவள் தலையாட்டினாள். அது அவளுக்குத் தெரியும். ஐஸ்காரர் அறை வாசல்வரை போய்த் திரும்பினார். ரிசீவரில் பேசுவது பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். அந்த அறையின் அமைதிக்கு நன்றாகவே கேட்கும். அதை அவர் காலையிலிருந்தே யோசித்திருந்தார். கேட்கட்டும் என்று நினைத்துக்கொண்டு இறங்கினார்.

கைப்பிடியைச் சுற்றினார். மேலே மணி அடித்து நின்றது. உரசல் சத்தம், தலையணைச் சத்தம். பிறகு மூச்சு. நேரில் கேட்டதைவிட அது இங்கே கிட்டத்தில் இருந்தது.

“அத்தை, நான்தான்” என்றார் ஐஸ்காரர். “ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா சொல்லணும்னு. பத்தாவது நாள் நான் கூப்பிடல. உங்க ஷிப்டுன்னு தெரிஞ்சதும் கைகால் ஓடாம உக்காந்துட்டேன். இவளும் கூப்பிடல. நீங்கதான் ரெண்டு பக்கமும் மணி அடிச்சீங்க. அது எனக்குக் கல்யாணமான புதுசுலயே தெரியும். தெரிஞ்சும் பெருமையை நான் எடுத்துக்கிட்டேன்.”

மூச்சு போய்க்கொண்டிருந்தது. ரிசீவரைப் பிடித்த கையில் வேர்வை வழுக்கியது. ஐஸ்காரர் கையை மாற்றிக்கொண்டார்.

“இவ அதை ஊர் பூரா சொன்னா. நீங்க பக்கத்துலயே இருந்து கேட்டுக்கிட்டிருந்தீங்க. ஒரு நாளும் காட்டிக் குடுக்கல. நான் நல்லா இருக்கேன் அத்தை. வீடு, பிள்ளை, இவ, தெனம் வெந்நீர், எல்லாம் நல்லா இருக்கு. சண்டை போடுறோம், அதுவும் நல்லாத்தான் இருக்கு. நீங்க அன்னைக்கு வேலை போனாலும் பரவாயில்லன்னு ஒரு கயித்தைச் செருகினீங்க. அதுலதான் இத்தனையும் வந்துச்சு. நேர்ல சொல்ல எனக்கு வாய் வரல. ரொம்ப நன்றி அத்தை. ரொம்ப ரொம்ப நன்றி.”

சொல்லி முடித்ததும் வைக்கத் தோன்றவில்லை. கேட்டுக்கொண்டே நின்றார். ஒரு மூச்சு வந்தது. நெடுநேரம் கழித்து இன்னொன்று வந்தது. அதற்கடுத்ததற்காகக் காதை அழுத்திக்கொண்டு காத்திருந்தார். தெருவில் ஒரு வண்டி போனது. அந்தச் சத்தம் ஒரு காதில் தெருவிலிருந்தும் மறுகாதில் மாடி ஜன்னல் வழியாகவும் கேட்டது. அதன் பிறகு ரிசீவர் வைத்த காதில் எதுவும் இல்லை.

கடைசியில் மனைவியின் குரல் வந்தது. “வெச்சிடுங்க. மேல வாங்க.”

அதற்குப் பிறகு வேலை ஆளை இழுத்துக்கொண்டது. டாக்டர் வந்து எழுதிக் கொடுத்தார். வெளியூரில் இருக்கும் பிள்ளைக்குச் சொன்னார்கள். காலையில் வந்துவிடுவதாகச் சொன்னான். வண்டிக்காரருக்குச் சொல்லி, பிள்ளை வந்த பிறகு எடுப்பது என்று முடிவாயிற்று. நாற்காலிகள் வந்தன, அக்கம்பக்கத்தார் வந்தார்கள். மனைவி எல்லோருக்கும் பதில் சொன்னாள், எல்லோரிடமும் அழுதாள், ஐஸ்காரர் பக்கம் மட்டும் திரும்பவில்லை. அத்தைக்குக் கேட்டதா என்று அவளைத்தான் கேட்க வேண்டும். கேட்டால் மற்றதும் கூடவே வரும். அவர் சமையலறை வாசலில் போய் நின்றார், திரும்பினார், மறுபடி போய் நின்றார்.

அவள் அடுப்பிலிருந்து டீயை இறக்கி ஒரு டம்ளரில் ஊற்றினாள். அவர் கையில் கொடுக்காமல் மேடையில் அவர் பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

“குடிங்க, பயந்தாங்கொள்ளி.”

ஐஸ்காரர் டம்ளரை எடுத்தார். கண் கரித்தது. டீ நல்ல சூடாக இருந்தது.

நாலு மணிக்கு அத்தையைக் கீழே கொண்டுவந்து கூடத்துக் கட்டிலில் கிடத்தினார்கள். மனைவியும் தையற்காரியும் உடம்பைத் துடைத்துப் புதுச் சேலை சுற்றினார்கள். தையற்காரி தலைமாட்டில் உட்கார்ந்து நரைமுடியை வாரத் தொடங்கினாள். அதன் பிறகுதான் ஆண்கள் உள்ளே வந்தார்கள். ஏணி சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்திலிருந்தவர்களிடம் அக்காவின் கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிச் சொல்லிக் கடைசியில் அதற்கு வந்து சேர்ந்தார்.

“அக்கா போர்டுல உக்காந்தா அதிகாரிங்களே பயப்படுவாங்க. ஆனா இவரு பாருங்க, அவங்க இருக்கும்போதே அவங்க பொண்ணைக் கேட்டு போன் போட்டாரு. என்ன துணிச்சல்.”

வந்தவர்கள் ஐஸ்காரரைப் பார்த்து லேசாகச் சிரித்தார்கள். மனைவி சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

“நான் போடல, ஏணி” என்றார் ஐஸ்காரர். “அவளும் போடல. அத்தைதான் ரெண்டு பேரையும் கூப்பிட்டுச் சேத்து விட்டாங்க.”

மற்றவர்களுக்கு அது துக்கத்தில் பேசுகிற பேச்சாகப் பட்டது. ஏணிக்கு அப்படிப் படவில்லை.

“யாரும் கேக்காம பிளக் போட்டாங்களா?”

“ஆமா.”

“எங்கக்காவா?”

“ஆமா.”

ஏணி கைத்தடியை ஊன்றி எழுந்தார். எதற்காக எழுந்தோம் என்று தெரியாதவர்போல் நின்றார். பிறகு கட்டிலைப் பார்த்துக் கைகளைச் சேர்த்துக்கொண்டு அப்படியே நின்றார்.

தையற்காரி வாரி முடித்திருந்தாள். “இந்தப் பக்கம் காதைச் சுத்தி ஏதோ தடம் விழுந்திருக்கும்மா. முடியை இழுத்து மூடிடறேன்” என்றாள்.

“வேண்டாம்” என்றாள் மனைவி. ஐஸ்காரரைப் பார்க்காமல், அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “நான் ரிசீவரை லேசாத்தான் வெச்சிருந்தேன். இவரு பேச ஆரம்பிச்சதும் அவங்க கை போர்வையிலேருந்து வந்துச்சு. என் கைமேல வெச்சு அழுத்திக்கிட்டாங்க. எடுக்கவே விடல. எனக்கு விரல் வலிச்சுது.”

முன்னால் சரிந்திருந்த முடியை அவள் விரலால் ஒதுக்கிக் காதின் பின்னால் செருகினாள். வெளுத்துப்போன தோலில், காதைச் சுற்றி, ஒரு முழு வட்டம் சிவப்பாகத் தெரிந்தது.